பச்சைப் பாம்பின் பெயர்கள்



ஒருவர் மற்றொருவரை இமை கொட்டாமல் காவல் செய்கிறார் என்பதைக் குறிக்க, ‘கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இத்தொடரைச் சொல்பவர் பலர். இதில் வரும் பாம்பு எது, அது உண்மையிலேயே கண்ணைக் கொத்துமா, கொத்தினால் என்ன நேரும் என்று ஆராய்ந்தவர் சிலரே. அந்தப் பாம்பைப் பற்றியும், அது சேர்ந்துள்ள பேரினத்தைப் பற்றியும் இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன். அதன் உடலமைப்பைச் சொல்வதோடு, மக்கள் இட்ட பெயரும் அறிஞர் இட்ட பெயரும் அதற்கு என்ன செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் உயிருக்குப் பெயரிடுவது சிறிய செயலன்று. சில வேளைகளில் அப்பெயரே அவ்வுயிரின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்துவிடுகிறது.

கண்கொத்திப் பாம்பு என்று நாம் கூறுவது பச்சைப் பாம்பையே. வேலியோரத்துச் செடிகளிலும், புதர்களிலும், தோட்டத்துக் கொடிகளிலும் இதனைக் காணலாம். காணலாம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் அது நம்மைக் காணும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நாம் அதனைக் காண்பதில்லை. சுண்டுவிரல் பருமனே உள்ள மெல்லிய உடல். இளந்தளிரின் பச்சை நிறம். இலைக்காம்புபோல் நீண்டு கூர்ந்த முகம். அசையாது கிடந்தால் கொடி. அசைந்தால் காற்றில் ஆடும் கொடி. நாம் கவனியாமல் கடந்து போகின்றோம்.

விலங்கியலார் உயிர்களை வகைப்படுத்தும்போது, நெருங்கிய ஒற்றுமையுடைய சிற்றினங்களைச் சேர்த்துப் பேரினம் என்றும், பேரினங்கள் பலவற்றைச் சேர்த்துக் குடும்பம் என்றும் கூறுவர். பச்சைப் பாம்பு, ஊர்வனவற்றுள் செதிலுடைய வரிசையில், பாம்புகளின் பிரிவில், கொலுப்ரிடே என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சாரைப்பாம்பும் இக்குடும்பத்தினதே. நாகமும் கட்டுவிரியனும் வேறொரு குடும்பம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் மற்றொரு குடும்பம். நம் நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொள்ளும் இந்நான்கு பாம்புகளுக்கும் பச்சைப் பாம்புக்கும் உறவு மிகத் தொலைவானது. இதை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

இனி, அதன் பேரினப் பெயருக்கு வருவோம். அஹெட்டுல்லா என்பது அப்பெயர். இது கிரேக்கமும் அன்று, இலத்தீனும் அன்று, சிங்களச் சொல். கண்ணைப் பறிப்பது அல்லது கண்ணைக் கொத்துவது என்பது அதன் பொருள். கடலுக்கு இப்பாலிருக்கும் தமிழரும் அப்பாலிருக்கும் சிங்களவரும் ஒரே பாம்பைக் கண்டு ஒரே அச்சத்தை அடைந்து, ஒரே பொருளுடைய பெயரைச் சூட்டியிருக்கின்றனர். அந்த அச்சம் அப்படியே உலக அறிவியலின் ஏட்டிலும் ஏறிவிட்டது.

அது ஏறிய கதையும் சுவையானது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட தம் நூலில் பாம்பு ஒன்றுக்கு இந்தச் சிங்களச் சொல்லைச் சிற்றினப் பெயராக வைத்தார். அப்பெயரை இன்று தாங்கி நிற்பது இலங்கைப் பாம்பன்று. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் வாழும் வேறொரு மரப்பாம்பு! சிங்கள நாட்டையே காணாத பாம்புக்குச் சிங்களப் பெயர். பின்னர் 1807-இல் லிங்க் என்ற ஜெர்மானிய அறிஞர் அதே சொல்லைப் பேரினப் பெயராக ஆண்டார். அதன்பின், எப்பாம்புக்கு இப்பெயர் உரியது என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லாது போயிற்று. ஒருவர் கொம்பேறி மூக்கனுக்கு இதனைச் சூட்டுவார்; மற்றொருவர் பச்சைப் பாம்பை டிரையோபிஸ் என்று அழைப்பார். 1952-இல் சாவேஜ் என்ற அமெரிக்க அறிஞர், இப்பெயர் பட்ட பாட்டை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். அஹெட்டுல்லா என்பது பச்சைப் பாம்பின் பேரினத்துக்கே உரியது என்பது பின்னர் நிலைபெற்றது.

பெயர் நிற்க, உடலைப் பார்ப்போம். இப்பேரினத்துப் பாம்புகளின் உடல் சாட்டைபோல் நீண்டு, இரு பக்கமும் சற்றே அழுந்தியது. சமவெளியில் வாழும் பச்சைப் பாம்பு ஆறடி வரைகூட வளரும். ஆயினும் அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாலாகவே இருக்கும். அவ்வால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, உடலின் முற்பகுதி யாதொரு தாங்கலும் இன்றி வெளியில் நீண்டு நிற்கவல்லது. நடு உடலில் செதில்கள் பதினைந்து வரிசைகளாக, நேராக அமையாமல் சாய்வாக அமைந்துள்ளன. வாலின் அடிப்புறத் தகடுகள் இரட்டை வரிசையானவை. வயிற்றின் இரு ஓரங்களிலும் மஞ்சளோ வெண்மையோ ஆன ஒரு கோடு ஓடும். பாம்பு சினந்தால் உடலை ஊதிப் பெரிதாக்கும். அப்போது செதில்களுக்கு இடையே மறைந்திருந்த தோல் கறுப்பும் வெள்ளையுமாய் வெளிப்பட்டு, பசுமையாயிருந்த உயிர் நொடியில் வரிப்பாம்பாக மாறிவிடும்.

இவற்றுள் எல்லாம் வியப்பு மிக்கது அதன் கண். நம் கண்ணின் பாவை வட்டமானது. பூனையின் பாவை பகலில் செங்குத்தான கீற்றாகச் சுருங்குவது. பச்சைப் பாம்பின் பாவையோ படுக்கைவாட்டில் நீண்டு, பூட்டின் சாவித்துளைபோல் முன்பக்கம் குறுகியும் பின்பக்கம் அகன்றும் இருக்கும். ஆசியப் பாம்புகளுள் இத்தகைய பாவை வேறு எங்கும் காண்பதரிது. கண்ணுக்கு முன்னே, முகத்தின் இரு பக்கங்களிலும், மூக்கு நுனியை நோக்கி ஒரு பள்ளம் ஓடுகிறது. துப்பாக்கியால் குறிபார்ப்பவன் குழலின்மேல் கண்ணை ஓட்டுவதுபோல, இப்பாம்பு அப்பள்ளத்தின் வழியே முன்னால் உள்ள பொருளை நோக்குகிறது. சாவித்துளையின் குறுகிய முனையும் அப்பள்ளமும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்துள்ளன.

அதுமட்டுமன்று. நம் விழித்திரையில் கூர்மையான பார்வைக்கென்றே ஒரு சிறு குழி உண்டு. இப்போது நீங்கள் புத்தகத்தில் எழுத்துகளைப் படிப்பது அக்குழியின் துணையால்தான். பாம்புகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அக்குழி இல்லை. பச்சைப் பாம்புக்கு உண்டு. இரு கண்களும் ஒரே பொருளை ஒருங்கே பார்த்தால்தான் அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது நன்கு தெரியும். பக்கவாட்டில் கண்ணுடைய பாம்புக்கு இது கடினம். முகம் குறுகி, கன்னம் பள்ளமாகி, பாவை முன்னோக்கி நீண்டதனால் பச்சைப் பாம்புக்கு இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு ஏறத்தாழ 45 பாகை அளவு கிடைக்கிறது. கண்ணைக் கொத்துவது என்று நாம் பழி கூறும் பாம்பு, உண்மையில் கண்ணாலேயே வாழும் பாம்பு.

அது வேட்டையாடுவதைப் பொறுமையோடு பார்த்தால் இது விளங்கும். ஓணான் ஒன்று கிளையில் அமர்ந்திருக்கும். பாம்பு உடலின் முற்பகுதியை நீட்டி அசையாது நிற்கும். நாவை மற்றப் பாம்புகளைப்போல் படபடவென்று அசைக்காமல், ஒரு துரும்புபோல் வெளியே நீட்டியபடி வைத்திருக்கும். காற்றடித்தால் தானும் இலைகளோடு மெல்ல ஆடும். அந்த ஆட்டத்தினூடே சிறிது சிறிதாக முன்னேறும். எட்டும் தொலைவு வந்ததும் தலையை வீசி, இரையின் கழுத்தருகே கவ்விக்கொள்ளும். ஓணான், பல்லி, தவளை, சிறு பறவை ஆகியன அதன் உணவு.

கவ்விய இரையைக் கொல்ல அதனிடம் நஞ்சு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நாகத்துக்கு நச்சுப்பல் மேல்தாடையின் முன்னே இருக்கும். பச்சைப் பாம்புக்கோ நச்சுப்பல் தாடையின் பின்கோடியில், கண்ணுக்கு நேர் கீழே உள்ளது. அது உட்டுளை உடையதன்று. புறத்தே ஒரு பள்ளம் மட்டும் உடையது. கவ்விய இரையை மென்று பின்னுக்குத் தள்ளும்போதுதான் நஞ்சு அப்பள்ளத்தின் வழியே கசிந்து இறங்கும். அந்நஞ்சு ஓணானை மயங்கச் செய்யப் போதுமானது. மனிதருக்குக் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மரமரப்பும் உண்டாகி, சில நாட்களில் தணிந்துவிடும். ஆயினும் ஒன்று சொல்வேன்: கடித்தது எந்தப் பாம்பு என்று நீங்களாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எப்பாம்பு கடித்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே அறிவுடைமை.

ஒருமுறை மாணவன் ஒருவன் வேலியோரத்தில் அடித்துப் போடப்பட்டிருந்த பச்சைப் பாம்பு ஒன்றை வாழை இலையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான். வகுப்பில் அதன் வாயைத் திறந்து பற்களைக் காட்டினேன். செதில் வரிசைகளை ஒருவர் எண்ண, மற்றவர் சரிபார்த்தனர். பின்பு அதன் வயிற்றை அறுத்தோம். உள்ளே மெல்லிய சவ்வுகளில் சுருண்டபடி பதினொரு குட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கூரிய மூக்கும், சாவித்துளைபோன்ற பாவையும் தாய்க்கு உள்ளவாறே அமைந்திருந்தன. இப்பேரினத்துப் பாம்புகள் முட்டையிடுவதில்லை. முட்டையை உடலுக்குள்ளேயே வைத்துப் பொரித்துக் குட்டிகளாக ஈனுகின்றன என்பதை நான் விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அதை ஏன் அடித்தார்கள் என்று கேட்டேன். “கண்ணைக் கொத்தும் ஐயா, அதனால்தான்” என்றான் அம்மாணவன். அவன் சொன்னது பாம்பின் செயலையன்று; அதன் பெயரை மட்டுமே.

அப்பெயர் எப்படி வந்திருக்கக்கூடும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கின்றேன். மற்றப் பாம்புகள் நம் காலடியில் இருப்பவை. இதுவோ நம் முகத்தின் உயரத்தில், செடிகொடிகளிடையே இருப்பது. பூப்பறிப்பவரோ காய்பறிப்பவரோ கிளையை விலக்கும்போது, சாணளவு தொலைவில் பாம்பின் முகமும் மனிதமுகமும் எதிர்ப்படுகின்றன. அஞ்சிய பாம்பு வாயைப் பிளந்து முன்னால் வீசுகிறது. அதற்கு எதிரே இருப்பது முகம். முகத்தில் அசைவது கண். கண்ணைத் தேடிக் கொத்தும் வழக்கம் அதற்கு இல்லை. ஆனால் அப்படி ஒருமுறை முகத்தெதிரே அதனைக் கண்டவர் அவ்வச்சத்தை வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டார். தம் மக்களுக்கும் சொல்லிவைப்பார்.

எல்லா மக்களும் அச்சத்தாலேயே பெயரிட்டனர் என்று எண்ண வேண்டா. ஒடியா மொழியில் இப்பேரினத்துப் பழுப்புநிறப் பாம்பு ஒன்றைச் சுரைக்கொடியின் பெயரால் அழைக்கின்றனர். சுரைக்கொடி போன்ற பாம்பு! கண்ணால் கண்டதைக் கண்டவாறே சொல்லும் பெயர். 2019-இல் அப்பாம்பைப் புதிய சிற்றினமென்று அறிவித்த அறிஞர்கள், அந்த ஒடியாச் சொல்லையே எடுத்து லவுடாங்கியா என்று பெயரிட்டனர். நம் தமிழ் ஊர்கள் சிலவற்றிலும், பச்சைப் பாம்பைக் கையால் உருவிவிட்டால் சமையலில் கைப்பக்குவம் வரும் என்றொரு நம்பிக்கை உண்டு. நம்பிக்கை மெய்யன்று, உருவப்படும் பாம்புக்கும் அது துன்பமே. ஆயினும் கண்ணைக் கொத்தும் என்று அஞ்சிய அதே மக்களுள் சிலர், அதைக் கையில் எடுக்கலாம் என்பதையும் அறிந்திருந்தனர் என்பது இதனால் தெரிகிறதன்றோ?

பெயரால் கெட்டது பச்சைப் பாம்பு மட்டுமன்று. அதன் உறவும் கெட்டது. கொம்பேறி மூக்கன் ஒருவரைக் கடித்தால், மரத்தின் உச்சிக்கு ஏறி, கடிபட்டவரின் சிதையில் புகை எழுவதைப் பார்த்த பின்னரே இறங்கும் என்று கதை சொல்வர். கொம்பேறி மூக்கனோ நஞ்சற்ற பாம்பு. பச்சைப் பாம்பு, கொம்பேறி மூக்கன், உடலைத் தட்டையாக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லும் பறக்கும் பாம்பு ஆகியவற்றை இன்று ஒரே துணைக்குடும்பத்தில் வைக்கின்றனர். தமிழ்நாட்டில் மிகுதியாகப் பொய்ப்பழி சுமந்தவை, இரத்த உறவினராகவும் இருப்பது ஒரு விந்தையே.

மக்கள் இட்ட பெயர் பாம்பின்மேல் பழி சுமத்தியது என்றால், அறிஞர் இட்ட பெயர் பாம்புகளையே மறைத்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பச்சைப் பாம்புக்கு நசுடா, அதாவது பெருமூக்குடையது, என்ற சிற்றினப் பெயர் வழங்கலாயிற்று. அதன்பின் இலங்கையிலும், தமிழ்நாட்டுச் சமவெளியிலும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் கூரிய மூக்குடைய பச்சைப் பாம்பு எதைக் கண்டாலும் நசுடா என்று எழுதி வைத்தனர். 1825-இல் பெல் என்ற ஆங்கில அறிஞர் ஒன்றைப் பிரித்து, கூர்மூக்குடையது என்னும் பொருளில் ஆக்சிரிங்கா என்று பெயரிட்டார். அதையும் பின்வந்தோர் நசுடாவுக்குள் அடக்கிவிட்டனர்.

அண்மைக் காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்தம் தோழர்களும் மலைதோறும் சென்று பாம்புகளை ஆராய்ந்தனர். செதில்களை எண்ணினர், மூக்கின் நீளத்தை அளந்தனர், மரபணுக்களை ஒப்பிட்டனர். 2020-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுப்படி, நசுடா என்பது இலங்கைக்கே உரியது. நம் சமவெளி வேலிகளில் இருப்பது, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெல் பெயரிட்ட ஆக்சிரிங்காவே. மேற்குத் தொடர்ச்சி மலையில் நசுடா என்று கருதப்பட்டவை பல தனிச் சிற்றினங்கள். அவ்வாண்டில் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து ஐந்து புதிய சிற்றினங்கள் விளக்கப்பெற்றன. இந்தியாவும் இலங்கையும் தொடங்கிப் பிலிப்பைன்ஸ் தீவுகள்வரை பரவியுள்ள இப்பேரினத்தில் இன்று ஏறத்தாழ இருபது சிற்றினங்கள் உள்ளன.

மலைகள் பாம்புகளை எப்படிப் பிரித்தன என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். உயர்ந்த மலைகளின் புல்வெளியிலும் சோலையோரங்களிலும் இப்பேரினத்துச் சிறிய பாம்புகள் வாழ்கின்றன. மூக்கு நீண்டு கூர்ந்திராது, வாலும் குறுகியது. நீலகிரியில் உள்ளது பெரோடெட்டி. இது புதுச்சேரியில் வாழ்ந்த பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரநூலாரின் நினைவாக இட்ட பெயர். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையிலும் பழனிமலையிலும் உள்ளது டிஸ்பார். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலையில் உள்ளது 2020-இல் பெயர்பெற்ற திராவன்கோரிகா. குளிர்ந்த உச்சியில் வாழும் பாம்பு, வெப்பமான கணவாயைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்வதில்லை. கணவாய் நமக்கு வழி; அதற்கு மதில்.

அதே அகத்தியமலையிலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. 2019-இல் அங்கிருந்து அறிவிக்கப்பட்ட ஒரு பாம்பு, தோற்றத்தில் பச்சைப் பாம்பையே ஒத்திருந்தது. மரபணுவை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அது அஹெட்டுல்லாவிலிருந்து பிரிந்துவிட்டது என்று தெரிந்தது. அதனைத் தனிப் பேரினமாக்கி, புரோஅஹெட்டுல்லா என்று பெயரிட்டனர். நம் திருநெல்வேலிச் சீமையின் மேற்கே தெரியும் மலைத்தொடரில், பச்சைப் பாம்பின் பழங்குடி ஒன்று இத்தனை காலமும் பெயரின்றி வாழ்ந்திருக்கிறது.

தோற்றம் ஒன்றாயிருந்தால் உறவும் ஒன்றாகுமா? ஆகாது. ஆப்பிரிக்காவில் திலோட்டார்னிஸ் என்னும் சுள்ளிப்பாம்பு உண்டு. அதற்கும் மெல்லிய உடல். அதற்கும் சாவித்துளைப் பாவை. ஆனால் அது இப்பேரினத்தின் நெருங்கிய உறவன்று. கிளைகளிடையே மறைந்து கண்ணால் வேட்டையாடும் வாழ்க்கை, இரு கண்டங்களில் இரு வேறு பாம்புகளை ஒரே வடிவில் வார்த்திருக்கிறது. வடிவம் ஒன்றாயினும் நஞ்சு ஒன்றன்று. புகழ்பெற்ற ஜெர்மானியப் பாம்பியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டென்ஸ், தாம் வளர்த்த சுள்ளிப்பாம்பு கடித்ததனால் 1975-இல் உயிர்நீத்தார். வகைப்பாடு என்பது தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பட்டியல் அன்று. உயிரைக் காப்பதும் இழப்பதும்கூட அதனைச் சார்ந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. உங்கள் ஊரில் பச்சைப் பாம்பைக் கண்டால் கல்லை எடுக்காதீர்கள், கையாலும் தொடாதீர்கள். ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். அதன் பாவை எவ்வாறு அமைந்துள்ளது, மூக்கு எவ்வளவு நீண்டுள்ளது, எந்தச் செடியில் இருந்தது, எதைத் தின்றது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாளையும் இடத்தையும் மறவாமல் சேர்த்தெழுதுங்கள். இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் ஒன்றென்று எண்ணியதைப் பலவென்று காட்டியது இத்தகைய பொறுமையான பார்வையே. அடுத்த முறை வேலியோரத்தில் யாரேனும் கம்பை ஓங்கினால், “இது கண்ணைக் கொத்தாது, குட்டிகளோடு இருக்கலாம்” என்று சொல்ல உங்களுள் ஒருவர் முன்வந்தாலும், நான் பேசிய பேச்சு வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.